சத்திரசிகிச்சை பிழைத்தது

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து நான் பெற்றது, இரண்டு என் அக்கா விட்டுவிட்டுப் போனது. வாவிக்கு மேற்கே கிடக்கிற இந்தப் படுவான்கரைக்குச் சண்டையும் வந்தது, புயலும் வந்தது, வாவி ஏறி முற்றத்தில் வந்து நின்ற வருடங்களும் உண்டு. ஏழில் ஒன்றைக்கூட நான் பறிகொடுக்கவில்லை. ஊரில் வேறு யாரும் இதைச் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். பெருமை என்றால் பெருமைதான்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன். பேத்தி, "நீங்க சொல்லுங்க, நான் தட்டித் தாறன்" என்றாள். வேண்டாம் என்றேன். என் எழுத்து பெரிது, கொஞ்சம் சாய்ந்து ஓடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, வட்டையில் நெற்கதிருக்குக் குருவி கலைக்க அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நான் முதலில் அடையாளம் கண்ட சொற்கள் இரண்டு: சரி, பிழை. வாத்தியார் சிலேற்றில் எழுதித் தருவார். என் சிலேற்றில் பிழைதான் கூட விழும். அதனாலோ என்னவோ, எவ்வளவு எழுத்துக்கு நடுவில் கிடந்தாலும் அந்தச் சொல் என் கண்ணில் முதலில் வந்து குத்தும்.

என் நடு மகளுடைய மகள்தான் இந்தப் பேத்தி. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு; ஆகவே மகளின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள். பேத்தி புளியந்தீவில் உள்ள ஒரு கந்தோருக்கு வேலை செய்கிறாள். கிழமையில் அநேக நாள் வீட்டிலிருந்தே செய்வாள். ஆட்கள் போனிலும் கம்பியூட்டரிலும் திறந்து பார்க்கிற பக்கங்களைக் கட்டுகிற வேலை. கடைக்காரருக்கு ஒன்று, ரியூசன் நடத்துகிற ரியூட்டரிக்கு ஒன்று, பஸ்சில் சீட் பிடிக்க ஒன்று.

அவள் வாயில் ஓயாமல் இருக்கிற சொல் எரர். அவள் கட்டிய பக்கம் எங்காவது விழுந்தால் அவளுடைய போனில் 'டொக்' என்று தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழும்பிப் போவாள். "எரர் வந்திட்டு அம்மம்மா." ஒருநாள் அந்தச் சத்தம் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அசையவில்லை.

"ஏன்கா, கேக்கல்லயா?" என்றேன்.

"அது ஒண்டுமில்ல அம்மம்மா. சும்மா சும்மா அடிக்கிற எரர். அதுக்கெல்லாம் எழும்பினா நான் படுக்கவே ஏலா."

பக்கத்து வளவில் இருக்கிற என் தம்பி அதைக் கேட்டுச் சிரித்தான். "வட்டைக்குள்ள யானை வெடி மாதிரித்தான் அக்கா. எல்லாத்துக்கும் வெடி போட்டா, யானை வாற நேரம் ஊர் நித்திரை."

அதைப் பகிடியாகத்தான் அன்றைக்குக் கேட்டேன்.

நடு மகளுக்கு நெஞ்சுக்குள் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போக ஏலாமல் போயிற்று. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் என்று முடிவானது. மருமகன் கூடப் போனார். நானும் வருகிறேன் என்றேன், மகள் விடவில்லை. "நீங்க அங்க வந்து மயங்கி விழுந்தா, அவர் எந்தக் கட்டிலைப் பாக்கிற அம்மா?" என்று கேட்டாள். நான் எந்தக் காலத்தில் மயங்கி விழுந்தேன்? கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அம்மனுக்கு நேர்ந்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வசதி இருந்தது. வீட்டாருக்கு ஒரு பக்கத்தைத் தருவார்கள். நோயாளியின் இலக்கத்தைப் போட்டால், ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று காட்டும். வட்டம் வட்டமாக நான்கு. காத்திருப்பு, சத்திரசிகிச்சைக் கூடம், முடிந்தது, விடுதி. ஆள் எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த வட்டம் மஞ்சளாக எரியும். மூன்று பாசையிலும் பார்க்கலாமாம். பேத்தி இங்கிலீசைத் தட்டிவிட்டுத் தமிழை எடுத்தாள். "தமிழில இருந்தா அம்மம்மாவும் பாக்கலாம்தானே." அந்தப் பிள்ளை என் மேல் உள்ள பட்சத்தில் செய்த காரியம் அது.

ஒப்பரேசன் நாள் காலையில் நான் உலை வைத்தேன். பேத்தி போனை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். காத்திருப்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நான் அடுப்படிக்குள் கதிரை போட்டு, ஒரு கண் உலையிலும் ஒரு கண் போனிலுமாக இருந்தேன். அரிசி களைந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வட்டங்களைக் காணவில்லை. நாலும் இல்லை. நடுவில் சிவப்பாக ஒரு பட்டை. பட்டைக்குள் எழுத்து.

என் கண்ணில் முதலில் விழுந்தது அந்தச் சொல்தான். பிழை. பிறகு முன்னுக்குப் போய் எழுத்துக் கூட்டினேன். ச, த், தி, ர. நீண்ட சொல். மூச்சுப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் போனேன்.

சத்திரசிகிச்சை பிழைத்தது. மீண்டும் முயற்சிக்கவும்.

என் கை ஆறிப்போனது. அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டு எனக்குக் குளிர்ந்தது. மழை பிழைத்தது என்போம், விதைப்பு பிழைத்தது என்போம். எங்கள் ஊரில் பிழைத்தது என்றால் போயிற்று என்று அர்த்தம். மீண்டும் முயற்சிக்கவும் என்று யாருக்குச் சொல்கிறது? டாக்குத்தருக்கா, எமனுக்கா, இன்னொரு பிள்ளை பெறச் சொல்லி எனக்கா?

பேத்தி ஈரத் தலையோடு வந்தாள். நான் போனை நீட்டினேன். அவள் நாளெல்லாம் எரர் பார்க்கிற பிள்ளை. பார்த்துவிட்டு, "இது சும்மா அம்மம்மா" என்று சொல்லுவாள் என்று என் நெஞ்சு காத்துக்கொண்டு நின்றது. அவள் சொல்லவில்லை. அவள் முகம் வெள்ளைச் சீலை மாதிரிப் போயிற்று. வாய் திறந்தது.

நான் எழும்பி அவள் வாயைப் பொத்தினேன். எழுபத்தெட்டு வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"கத்தாத மனே. கத்தினா ஊர் கூடும். ஊர் கூடினா அது நடந்த மாதிரி ஆகிடும். மனிசன் வாயால கேக்கும் வரைக்கும் இந்த வீட்டில அழுகை இல்ல."

அவள் என் உள்ளங்கைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். மருமகனுக்கு எடுத்தாள். போன் அணைத்துக் கிடந்தது. திரும்ப எடுத்தாள். ஒரு பெண் குரல் மூன்று பாசையிலும் அதையே சொன்னது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வேலி ஓட்டையால் வந்தான். அவன் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடி, அங்கே முகாமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவன். இன்றைக்கும் தேத்தண்ணியை டீ என்பான். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தான். வாசித்து முடித்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். என் மகள் சாகக் கிடக்கிறாள், இவன் சிரிக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஏன் அக்கா ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பிழைச்சிட்டா எண்டுதானே போட்டிரிக்கி! உயிர் பிழைச்சிட்டா!"

"உன்ட இந்தியாக் கதையை இஞ்ச கதையாத" என்றேன். "மழை பிழைச்சா வேளாண்மை உயிரோட வருமா?"

"அங்க ஆஸ்பத்திரியில இப்படித்தான் சொல்லுவாங்க அக்கா. பொழச்சுக்கிட்டாங்க எண்டு டாக்குத்தர் வந்து சொன்னா, சொந்தக்காரர் மிட்டாய் வாங்கிக் குடுப்பாங்க."

பேத்தி அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஆள் பிழைச்சா எண்டா பிழைத்தார் எண்டல்லோ வரணும் தாத்தா? சத்திரசிகிச்சை எப்படி உயிர் பிழைக்கும்?" என்றாள்.

"மிசினுக்கு என்ன புள்ள, அவர் அது எண்டு தெரியுமா?"

ஒரே சொல். தம்பிக்கு அது உயிர். எனக்கு அது சாவு. இரண்டுக்கும் நடுவில் என் மகள் எங்கே கிடக்கிறாள் என்று தெரியவில்லை. அவன் சொன்னதை நம்பச் சொல்லி மனம் கெஞ்சியது. ஆனால் பேத்தியின் முகம் மாறவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் குளிர்ந்தது.

உலை கொதித்து மூடி தட்டியது. பேத்தி போய் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுக்கப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது எங்கள் வழக்கம். அந்தப் பிள்ளை யோசித்து இழுக்கவில்லை, கை தானாகப் போயிற்று. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

"விடு அதை!" என்றேன். "தம்பி, நீ இதில இரு. இந்த அடுப்பு அணைஞ்சு நூரக்கூடாது. நாங்க வாவிக்கரைக்குப் போய்ச் சிக்னல் பிடிச்சுக் கதைச்சிட்டு வாறம்."

"சோறு வெந்திட்டுது அக்கா."

"வேகட்டும். குழையட்டும். கரியட்டும். நெருப்பு மட்டும் நூரக்கூடாது. கண்டயா?"

அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பன்னாடையைக் கிழித்து அடுப்புக்குள் வைத்தான். உயிர் பிழைத்துவிட்டாள் என்று சிரித்த மனிதன், அந்த அடுப்பை என்னைவிடக் கவனமாகப் பார்த்தான் என்பதைப் பிறகு யோசித்தேன்.

எங்கள் வளவுக்குள் சிக்னல் வரும், போகும். வாவிக்கரைக்குப் போனால் அக்கரையில் எழுவான்கரைப் போன் கோபுரம் நேருக்கு நேர் தெரியும். கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் நின்றால் கதைக்கலாம். வழியில் இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். "என்னகா பெத்தா, காலையிலேயே வாவிப் பக்கம்? மகளுக்கு இண்டைக்குத்தானே?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓம், இண்டைக்குத்தான். மீன் வந்திரிக்கா எண்டு பாக்கப் போறம்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் பிடிப்பாள்.

கரையில் ஒரு தோணி கட்டிக் கிடந்தது. பேத்தி போனை உயரப் பிடித்தாள். டொக், டொக் என்று என்னென்னவோ வந்து விழுந்தது. சிவப்புப் பட்டையைத் தொட்டாள். அது மறைந்தது. நாலு வட்டங்களும் வந்தன. காத்திருப்பு மஞ்சளாக எரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இப்போதுதான் போயிற்று என்றது, இப்போது காத்திருக்கிறாள் என்கிறது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. நம்பினால் அடுத்த நிமிசம் திரும்பவும் மாற்றிச் சொல்லுமே என்று நடுக்கம்தான் வந்தது.

"அதை மூடு மனே. அதோட கதைக்காத. அப்பாக்கு எடு."

எடுக்கும் முன்னமே மருமகனின் அழைப்பு வந்தது. பேத்தியின் கையிலிருந்து நான் பறித்து, ஹலோ என்றேன்.

"மாமி? என்ன மாமி இவ்வளவு கோல் போட்டிரிக்கீங்க? வார்டுக்குள்ள போனை நிப்பாட்டச் சொன்னாங்க."

"அவள் எங்க?"

"இஞ்சதான்."

"இஞ்ச எண்டா எங்க? ஒப்பரேசன் என்ன ஆச்சு?"

"ஒப்பரேசனா? இன்னும் தியேட்டருக்கே கொண்டு போகல்ல மாமி. அவசரமா வேற ஒராளைக் கொண்டு வந்திட்டாங்களாம். எங்கடது மத்தியானத்துக்குப் பிறகாம். அவ பசி பசி எண்டு என்னைத் திண்டுகொண்டிரிக்கா."

பிறகு மகளின் குரல் வந்தது. மூச்சு வாங்கும் அதே குரல். "அம்மா, சோறு வடிச்சிட்டீங்களா? இஞ்ச பச்சத் தண்ணியும் தாறாங்க இல்ல."

சேற்றில் அப்படியே இருந்துவிட்டேன். சீலையெல்லாம் வாவிச் சேறு. "குழைஞ்சு போச்சு மனே, சோறு" என்று மட்டும் சொன்னேன். நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. காற்று என்று நினைத்திருப்பாள்.

தொடங்கவே தொடங்காத ஒப்பரேசன். அது பிழைத்தது என்று எனக்குச் சொன்னது எது? யார் சொன்னது? இதைத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டேன். பேத்தி சொன்னாள். எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கணம் அறுந்திருக்கிறது. பக்கம் கொழும்பிடம், ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் காட்டுவதற்கென்று ஒரு வசனத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். கம்பியூட்டர்க்காரர் எந்த வேலையையும் ஒப்பரேசன் என்றுதான் சொல்வார்களாம். ஒரு பட்டனைத் தட்டினாலும் ஒப்பரேசன், ஒரு பெயரைத் தேடினாலும் ஒப்பரேசன். 'கேட்ட வேலை நடக்கவில்லை, திரும்பக் கேளுங்கள்' என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அதைத் தமிழாக்கியவர் ஆஸ்பத்திரிப் பக்கம் என்று பார்த்தார், ஒப்பரேசன் என்று பார்த்தார், சத்திரசிகிச்சை என்று போட்டுவிட்டார்.

"அப்ப நீ ஏன் பயந்தாய்? நாளெல்லாம் இதைத்தானே பாக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். "இங்கிலீசில வந்திருந்தா பாத்த உடனே விளங்கியிருக்கும் அம்மம்மா. அது எனக்கு எரர். தமிழில வந்ததால செய்தி எண்டு நம்பிட்டன்."

வீட்டுக்கு வந்தபோது தம்பி புகைக்குள் கண் சிவந்து இருந்தான். சோறு சோறாக இல்லை, பசை. "பிழைச்சிட்டாளா?" என்று கேட்டான். எந்தப் பிழைச்சதைக் கேட்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. "இரிக்காள்" என்றேன். அந்தப் பசையை மூன்று பேரும் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தோம்.

ஒப்பரேசன் பின்னேரம் நடந்தது. பேத்தி போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். நாங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மருமகன் தன் வாயால், "முடிஞ்சுது மாமி, கண் முழிச்சிட்டா" என்று சொன்ன பிறகுதான் அடுப்பை விட்டு எழும்பினேன்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு அதிர்ச்சி மிச்சம் இருந்தது.

மகள் வீட்டுக்கு வருவதற்கு முதல், பேத்தி தான் கட்டிய பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டுமென்றே பிழையான இலக்கம் போட்டு, என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"அம்மம்மா, இதை வாசியுங்க."

ரியூட்டரிக்காக அவள் செய்த பக்கம். தாய் தகப்பன் பிள்ளையின் இலக்கத்தைப் போட்டால், பிள்ளை வகுப்புக்கு வந்ததா என்று காட்டும். இலக்கம் மாறி விழுந்தால் வருகிற வசனத்தை எழுத்துக் கூட்டினேன்.

உங்கள் பிள்ளை இல்லை.

பாக்குவெட்டி என் கையிலிருந்து விழுந்தது.

"இதை எழுதினது ஆரு?"

"நான்தான்." அவள் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "பதிவில இல்ல எண்டுதான் நினைச்சன். இடம் காணாது எண்டு பதிவில எண்டதை வெட்டினன். எத்தினை தாய்மார் பாத்திருப்பாங்க அம்மம்மா?"

இல்லை என்ற சொல்லை நாங்கள் எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது அவளுடைய ஞாபகத்தில் தாய்மார் இருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அவளை நான் ஏசவில்லை.

அவள் அழித்து எழுதினாள். இந்த இலக்கத்தில் ஒரு பெயரையும் எங்களால் எடுக்க முடியவில்லை. இலக்கத்தை ஒருமுறை பாருங்கள். சரியாக இருந்தால் எங்களுக்கு அழையுங்கள். தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பயப்பட வேண்டாம் எண்டு முதல்ல போடு புள்ள" என்றான்.

"அப்படிப் போட்டா, அதைப் பாத்தே பயந்திடுவாங்க தாத்தா."

"அதுவும் சரிதான்" என்று அவன் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்கும் எழுதிப்போட்டாள். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. மாற்றியும்விட்டார்களாம். எனக்குக் காட்டுவதற்காக அவள் போனில் சிக்னலை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தட்டினாள். பட்டை வந்தது, சிவப்பில்லை. தகவல் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை, இது நோயாளியின் நிலை அல்ல என்று இருந்தது. நான் பிழை என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ஆனாலும் என் கை கொஞ்சம் ஆறித்தான் போனது. உடம்புக்கு மறதி வர நாள் செல்லும்போல.

மகள் இப்போது உள் அறையில் சாய்ந்து இருக்கிறாள். நெஞ்சில் நீளமாகத் தையல். சோறு குழையாமல் வேண்டுமாம். நேற்றும் அதற்கு என்னோடு சண்டை. அன்றைக்கு நடந்ததை அவளுக்கு நாங்கள் இதுவரைக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுதினேன். வாயால் சொல்லத் தொடங்கினால், அந்தச் சிவப்புப் பட்டை வருகிற இடத்தில் அழுதுவிடுவேன். அது எனக்கு மரியாதை இல்லை.

இஞ்ச வா மனே. இதைப் பிடி. கதவைத் திறந்து வைச்சிட்டு வாசி, அம்மாவுக்கும் கேக்கட்டும். நான் எழுதினதில எழுத்துப் பிழை கிடந்தாத் திருத்தாத, அப்படியே வாசி. சிவப்புப் பட்டையில இருந்த அந்த ரெண்டு சொல்லு வாற இடத்தில மட்டும் நிண்டுடாத. டக்கெண்டு தாண்டி, வாவிக்கரைக்குப் போயிடு.